சுண்டங்குறிச்சியில் மூன்று உலகம்மாள்

இந்தத் தெருவில் மூன்று உலகம்மாள் இருந்தார்கள், அதில் ஒருத்தி போன ஐப்பசியில் செத்துப்போனாள் என்று பெட்டிக்கடைக்காரர் சோடா பாட்டிலைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டு, உங்களுக்கு எந்த உலகம்மா வேணும் என்று கேட்டார். உயிரோடு இருக்கிற உலகம்மா என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, வீட்டுக்காரர் பேர் சுடலைமுத்து என்றேன். ஊரில் பாதிப் பேர் சுடலைமுத்துதான், பொம்பளையாளுகளை நாங்க அடையாளம் வச்சுத்தான் சொல்லுவோம் என்று விரல் மடக்கினார். தையல்கார உலகம்மா, பீடி உலகம்மா, நெட்டை உலகம்மா. செத்தது நெட்டை. சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டார். நான் குடையை விரித்துக்கொண்டு தெருவுக்குள் நடந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது, மழை என்று சொல்ல முடியாத, முகத்தில் ஒட்டுகிற ஆனி மாசத்துச் சாரல், மேற்கே மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மறைப்பு மட்டும். எனக்குப் பிடித்த காலம் இது, நடந்தால் வேர்க்காது, நாய்கள் கூட குலைக்கச் சோம்பல்படும். ஆனால் நெட்டை என்ற சொல் செருப்பில் நுழைந்த சிறு கல் மாதிரி ஒவ்வொரு எட்டிலும் குத்தியது. அட்டையில் உயரம் போட்டிருக்கிறது. பையில் பழுப்பு உறைக்குள் இருக்கிற அந்த அட்டையை நான் பார்க்கவே வேண்டாம், நாலு நாளாக வைத்துக்கொண்டு சுற்றுவதில் மனப்பாடம். உலகம்மாள், க/பெ சுடலைமுத்து, வயது 43, படிப்பு மூன்றாம் வகுப்பு, கர்ப்பப்பை வாயில் புற்று, இரண்டாம் கட்டம், கதிர்வீச்சு, கரண்டு என்றுதான் எல்லாரும் சொல்வோம், வெளிக் கரண்டு இருபத்தைந்து நாள், உள்ளே வைக்கிற கரண்டு மூன்று முறை, எடை நாற்பத்து நாலு கிலோ, உயரம் நூற்று அறுபத்திரண்டு. அது பதினொரு வருஷத்துக்கு முந்தைய கணக்கு. சிகிச்சை முடிந்து இரண்டு வருஷம் ஒழுங்காக வந்து காட்டியிருக்கிறாள், பிறகு வரவில்லை. கடிதம் போட்டோம், திரும்பி வந்தது. ஃபோன் நம்பர் உபயோகத்தில் இல்லை. வயது ஏறும், எடை கூடும் குறையும், உயரம் அப்படியே இருக்கும். நான் நூற்று ஐம்பத்தைந்து. என்னையே எங்கள் அலுவலகத்தில் உயரமானவள் என்பார்கள். நூற்று அறுபத்திரண்டு இந்தத் தெருவில் நெட்டைதான், வேறென்ன பெயர் வைப்பார்கள்.

பத்தொன்பது வருஷமாக எனக்கு இதுதான் வேலை. எங்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே புற்றுநோய்ப் பதிவகம் என்று போர்டு போட்ட இரண்டு அறையில் உட்கார்ந்து மாவட்டத்தில் யார் யாருக்கு இந்த நோய் வந்தது என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திரட்டி எழுதுகிறோம்; பிறகு அவர்கள் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு ஊராகப் போய்ப் பார்க்கிறோம். இரண்டாவதுதான் என் பங்கு. எங்கள் டாக்டரம்மா அடிக்கடி சொல்வார், பணக்கார நாடுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும், நம்மிடம் இருக்கிற பொத்தான் கிருபாவதிதான் என்று. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தப் பொத்தானுக்குக் கால் வலிக்கும், டவுன் பஸ்ஸில் சீட்டு கிடைக்காது, ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரு கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கேள்வி மட்டும் பழகவில்லை. உயிரோடு இருக்காங்களா என்று கேட்கவே கூடாது, அதை முதல் மாசத்திலேயே கற்றுக்கொண்டேன், வயலோரத்து வீடு ஒன்றில் ஒரு பிள்ளையின் அப்பாவிடம் அப்படிக் கேட்டேன், அவர் உள்ளே போய் ஒரு சின்ன சட்டையை எடுத்து வந்து காட்டினார், நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு, அவங்க வீட்டில் இருக்காங்களா என்றுதான் கேட்பேன். பதில் எப்படி வருகிறது என்று காத்திருப்பேன். இருக்காங்க என்று வந்தால் அன்றைக்கு வெயில் கூட வெயிலாகத் தெரியாது. இல்ல என்று வந்தால் அதோடு முடிந்துவிடாது, அதற்குப் பிறகு இன்னொரு பாதி இருக்கிறது. இல்ல, வயலுக்குப் போயிருக்கா. இல்ல, அவ இல்ல. அந்த இரண்டு இல்லவுக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி இருக்கும். நான் என் வேலைநாளில் பாதியை அந்த இடைவெளியில்தான் கழித்திருக்கிறேன் என்று தோன்றும்.

தையல் மெஷின் சத்தம் கேட்ட வீட்டில் நின்றேன். அந்த உலகம்மாளுக்கு முப்பது வயதுகூட இருக்காது, பள்ளிக்கூட யூனிஃபார்ம் குவியலுக்கு நடுவில் இருந்து தலையை நீட்டினாள். நான் தேடுவது ஐம்பது தாண்டியவரை என்றதும், அப்ப பீடி உலகம்மாவா இருக்கும், கடைசி வீடு, தகரம் இறக்கினது என்றாள். இல்லாட்டி செத்துப்போன அத்தையா இருக்கும், நான் கட்டிக்கிட்டு வந்து ஒரு வருஷந்தான் ஆவுது, எனக்கு ரெண்டு பேரையும் அவ்வளவாத் தெரியாது என்றாள். ஆக, மூன்று இரண்டானது. இரண்டில் ஒன்று. சைக்கிள் நிறுத்தியிருந்த சந்தைத் தாண்டும்போது என் புத்தி அதன் பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தது, இந்த அட்டை எழுதின வருஷத்து முப்பத்தொரு பெயர், இந்த வட்டாரம் மட்டும், இதே நோய். பதினைந்து பேர் இல்லை. பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேர் எங்கே என்று தெரியாது. தெரியாதவர்களை மேலே உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், சில கூட்டங்களில் டாக்டரம்மாவுக்குத் துணையாகப் போயிருக்கிறேன், தெரியாது என்ற கட்டத்தைப் பார்த்ததும் ஒரு அதிகாரி பேனாவால் தட்டி, இதையும் செத்தவங்க பக்கம் போட்டுக்கலாமே என்பார், பார்த்துத்தான் என்ன பிரயோஜனம், எல்லாரும் முற்றிப் போய்த்தானே வர்றாங்க என்பார். டாக்டரம்மா வெளியே வந்து என்னிடம், கிருபா, அந்த மூணு பேரைக் கண்டுபிடி என்பார். அவ்வளவுதான். இந்த நெட்டை விஷயத்தை மட்டும் அந்தக் கடைக்காரர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்தால் ஒரு நூறு அடி தூரம் நிம்மதியாக நடந்திருப்பேன். நூற்று அறுபத்திரண்டு. சுவரில் உயரம் அளக்கிற பட்டையோடு ஒட்டி நின்றிருப்பாள், செருப்பைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள், தலைமேல் ஒரு ஸ்கேலை வைத்து யாரோ எழுதியிருக்கிறார்கள்.

தகரம் இறக்கிய வீட்டு முன்னால் மூன்று பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். தகரத்தில் சாரல் விழுவது அரிசி கொட்டுகிற சத்தம் மாதிரி இருந்தது. புகையிலைத் தூள் நெடி மூக்கில் ஏறி இரண்டு தும்மல் வந்தது, அவர்கள் சிரித்தார்கள், புதுசா வாறவங்க எல்லாரும் தும்மித்தான் உள்ள வருவாங்க என்றாள் ஒருத்தி. எங்கள் அலுவலகச் சுவரில் பீடிக்குச் சிவப்புக் கோடு போட்ட படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. இங்கே அது சோறு. இந்த இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு நான் எத்தனையோ வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், தூள் ஒட்டிய கையால் கொடுத்த காப்பியைக் குடித்திருக்கிறேன், ஒன்றும் சொன்னதில்லை. உலகம்மாள் வீடு இதுதானே, அவங்க இருக்காங்களா என்று கேட்டேன். இருபது இருபத்திரண்டு வயதுப் பெண், சிவப்புக் கல் மூக்குத்தி, இலையை மடக்குவதில் இருந்து கண்ணை எடுக்காமல், போயிட்டாங்களே என்றாள்.

போயிட்டாங்களே. தமிழில் இதைப் போல ஒரு சொல் வேறு கிடையாது. பள்ளிக்கூடத்துக்கும் போவார்கள், பஸ்ஸுக்கும் போவார்கள், கடைசியாகவும் போவார்கள், எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். ஏகாரம் வேறு. அந்த ஏகாரத்தில் வருத்தம் இருக்கிறதா என்று காது கூர்மையாகிவிட்டது. வருத்தம் இருந்தால் பார்வை தரைக்குப் போகும், ஆனால் இவள் பார்வை ஏற்கெனவே மடியில் இருந்தது. ஐப்பசியில் என்றால் எட்டு மாசம், எட்டு மாசத்தில் ஒரு மகளுடைய குரல் இந்த அளவுக்குத் தேறிவிடும், பார்த்திருக்கிறேன். மூக்குத்தி போட்டிருக்கிறாள், நெற்றியில் பொட்டு இருக்கிறது, அதில் ஒன்றும் தெரியாது. அவள் விரல்கள் நூலைச் சுற்றி முடிச்சிட்டு அறுத்தன. அடுத்த இலையை எடுத்தாள். கடைக்கு, என்றாள். பீடி குடுக்கப் போயிருக்கா, இப்ப வந்துருவா, உக்காருங்க. நான் உட்கார்ந்தேன். ஸ்டூலைத் தள்ளிவிட்டவள் பக்கத்து வீட்டுக்காரி, நீங்க எந்த ஆபீஸு என்று கேட்டாள். ஆஸ்பத்திரிலேருந்து பெண்கள் ஆரோக்கியம் பற்றி ஒரு கணக்கெடுப்பு என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பொய் இல்லை, முழுசும் இல்லை. அவர்களாகச் சொல்லாதவரை அந்த நோயின் பெயரை எந்த வீட்டிலும் சொல்லக் கூடாது என்பது எங்கள் முதல் விதி.

உட்கார்ந்த பிறகும் நெட்டை போகவில்லை. கடைக்குப் போயிருப்பவள் இந்த வீட்டு உலகம்மாள், சரி, ஆனால் அவள்தான் என் அட்டையில் இருக்கிறவள் என்று யார் சொன்னது. என் அட்டைக்காரி உயரமானவள், உயரமானவள் செத்துவிட்டாள், இது இன்னொருத்தி. வாசல் நிலையின் உயரத்தைப் பார்த்தேன், கொடிக்கயிறு எவ்வளவு உயரத்தில் கட்டியிருக்கிறது என்று பார்த்தேன், கொஞ்சம் உயரம்தான், ஆனால் அதை ஆம்பளை கட்டியிருக்கலாம். கேட்டுவிடுவது நல்லது என்று, பேச்சோடு பேச்சாக, ஐப்பசியில் தவறிப்போன உலகம்மாள் ரொம்ப உயரமோ என்றேன். மூன்று பேரும் சுற்றுவதை நிறுத்திவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். இறந்தவரைப் பற்றிச் சிரிக்கிறோமே என்று பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள், அப்படியும் தோள் குலுங்கியது. அந்த மதினி முறத்தை மடியில வச்சா முறந்தான் தெரியும், ஆளு தெரியாது, அம்புட்டுக் குட்டை, அதான் நெட்டைன்னு பேரு வச்சிருந்தோம் என்றாள். நல்ல மனுஷி, தூங்கும்போதே போயிட்டா என்றாள். எனக்குள் ஏதோ ஒன்று கட்டு அவிழ்ந்தது. செத்துப்போன ஒரு பெண் குட்டையாக இருந்தாள் என்பதற்கு இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை, பட்டேன். அவளிடம் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

சிரிப்பு ஓய்ந்ததும் மூக்குத்திப் பெண், கோமதி என்று பெயர் சொன்னாள், காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். ஆவணியில் தனக்குக் கல்யாணம் பேசியிருப்பதை அவள் சொல்லவில்லை, மற்ற இருவரும் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். அவள் பேச்சை மாற்றுவதற்காக ஆஸ்பத்திரிக் கணக்கெடுப்பு என்றால் சோப்பெல்லாம் குடுப்பீங்களா என்றாள். எங்க அம்மாவுக்கு சோப்புன்னா பைத்தியம், நான் ஆறாப்பு படிக்கையில திருவனந்தபுரத்துல ஒரு வீட்டுக்குப் பிள்ளை பாக்கப் போனா, ரெண்டு மாசம், வாறப்போ எனக்கு ஒரு பொம்மையும் அவளுக்கு ஒரு சந்தன சோப்பும் வாங்கிட்டு வந்தா, என்றாள். ஆனா ஆளு பாதியாயிட்டா. அந்த வீட்டுக்காரங்க சோறே போடலை போல. முடியெல்லாம் காய்ஞ்சு, நடக்க மாட்டா, உக்காந்தா எந்திரிக்க மாட்டா. அந்த வீட்டு அட்ரஸ் மட்டும் எனக்குத் தெரிஞ்சா நேராப் போயிக் கேட்டுட்டு வந்திருப்பேன், இன்னைக்கும் கேட்பேன், என்று நூலை வேகமாக அறுத்தாள். நான் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆறாம் வகுப்பு என்றால் பதினொரு வயது. பதினொரு வருஷம். இருபத்தைந்து நாள் கரண்டு என்றால் ஞாயிறு விடுமுறையெல்லாம் சேர்த்து ஐந்து வாரம், உள்ளே வைக்கிறது மூன்று வாரம். இரண்டு மாசம். கைக்குழந்தை இருக்கிற ஒரு வீட்டை, பெயர் இல்லாத ஒரு எஜமானியை, கஞ்சத்தனமான ஒரு சமையலறையை, அந்த அம்மா உட்கார்ந்து யோசித்துக் கட்டியிருக்கிறாள், இந்தப் பெண் பதினொரு வருஷமாக அந்த வீட்டுக்காரர்கள் மேல் கோபமாக இருக்கிறாள். அவள் கோபத்தில் குறை ஒன்றும் இல்லை. ஏதோ ஒன்று அவள் அம்மாவைப் பாதியாக்கித்தான் அனுப்பியது. அட்ரஸ் எனக்குத் தெரியும், நான் தினமும் காலை ஒன்பது மணிக்குப் போகிற ஆஸ்பத்திரிதான் அது.

அப்போது தெருக் கோடியில் ஒரு குடை வந்தது. மற்ற குடைகளெல்லாம் வருகிற உயரத்தில் அது வரவில்லை, வீட்டு ஓடுகளின் விளிம்பை உரசிக்கொண்டு வந்தது. கீழே ஊதாச் சேலை, கையில் கவிழ்த்துப் பிடித்த காலி முறம், நீளமான எட்டு. எடை நாற்பத்து நாலு இல்லை, அறுபத்தைந்து இருக்கும், கை இரண்டும் நல்ல உருண்டை. எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது, நின்றேன். அவர் குடையை மடக்கிவிட்டு, வாசலில் குனிந்து, நிமிர்ந்து, யாரு இது என்ற பார்வையில் மகளைப் பார்த்தார். ஆஸ்பத்திரிலேருந்து கணக்கெடுக்க வந்திருக்காங்க என்று கோமதி சொன்னாள். அந்த முகத்தில் ஒன்றும் அசையவில்லை. என் பையைப் பார்த்தார், பழுப்பு உறையின் ஓரம் தெரிந்துகொண்டிருந்தது, நான் உள்ளே தள்ளினேன், தள்ளியதையும் பார்த்தார். பிறகு சாதாரணமாக, நாலரை பஸ்ஸை விட்டா ஆறரைக்குத்தான் அடுத்தது, வாங்க நான் கொண்டு விடுதேன், போற வழியில கேளுங்க என்று முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மறுபடி குடையை எடுத்தார். காப்பி குடிச்சாங்களாட்டி என்று மகளிடம் கேட்டார். குடிச்சாச்சு என்றாள் கோமதி.

இரண்டு குடைகளும் இடித்துக்கொள்ளாமல் நடப்பது கஷ்டமாக இருந்ததால் நான் என்னுடையதை மடக்கிவிட்டு அவருடையதற்குள் போனேன். சந்தன சோப்பு வாசனை இல்லை, புகையிலை வாசனைதான். குளத்தங்கரைப் பக்கம் திரும்பினோம். ஆள் இருக்கிறார், நடக்கிறார், என்னைவிட வேகமாக நடக்கிறார், எனக்கு இன்றைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று மனசு காற்றாட இருந்தது. குளம் பாதி நிறைந்திருந்தது. கரையில் ஆள் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகு அவர் நின்றார்.

“நான் செத்துட்டேன்னு எழுதிக்கிடுங்க,” என்றார்.

கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. கடைக்காரரிடம் ஒரு சாமான் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு நடந்துகொண்டே காரணமும் சொன்னார். அவர் வீட்டுக்காரர் ஒருத்தருக்குத்தான் தெரியும், அவர் பாலக்காட்டில் செங்கல் சூளையில் இருக்கிறார், மாசம் ஒருமுறை வருவார், அவர் வாயைத் திறக்க மாட்டார். சிகிச்சை முடிந்து இரண்டு வருஷம் வந்து காட்டினேன், அப்புறம் ஆஸ்பத்திரி பேர் போட்டு ஒரு கார்டு வந்தது, தபால்காரர் அதை வாசித்துவிட்டுத்தான் கொடுத்தார், புற்று என்ற எழுத்து அதில் இல்லை, இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும், அடுத்து வந்ததை வாங்க மாட்டேன் என்று திருப்பிவிட்டேன், ஃபோனையும் மாற்றிவிட்டேன் என்றார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வரும் என்று பேசுவார்கள், வருமா வராதா என்று எவன் கேட்கப் போகிறான் என்றார். செத்துட்டேன்னு எழுதிட்டா இனிமே யாரும் தேடி வர மாட்டீங்கல்லா, எனக்கும் உங்களுக்கும் அலைச்சல் மிச்சம். எப்படியும் வார்டுல கூடப் படுத்திருந்தவளுக எல்லாரும் போயிட்டாளுக, நான் ஒருத்திதான் தப்பிக் கிடக்கேன், என்னைச் சேர்த்தா என்ன சேர்க்காட்டி என்ன.

எனக்கு நோகவில்லை என்று சொல்ல முடியாது. செத்துவிட்டேன் என்று எழுதச் சொன்னவர்களை இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன், சண்டை போட்டவர்கள் உண்டு, கதவைச் சாத்தியவர்கள் உண்டு. எழுதிவிடலாம்தான், யார் வந்து பார்க்கப் போகிறார்கள், ஒரு கட்டத்தில் ஒரு டிக். ஆனால் வரப்பில் உட்கார்ந்த அன்றைக்கு எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டேன், கையில் இருக்கிறது உயிர்க் கணக்கு, இதில் பொய் எழுதினால் பிறகு எதில் உண்மை எழுதுவது. அதையெல்லாம் இவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அட்டையில் உள்ளதை மட்டும் சொன்னேன். உங்க வருஷத்துல இந்தப் பக்கத்து ஊர்கள்ல மட்டும் முப்பத்தொரு பேர், அதுல பதிமூணு பேர் இருக்காங்கன்னு தெரியும், உங்களோட சேர்த்தா பதினாலு, நீங்க சொல்ற மாதிரி எழுதினா பதிமூணோட நின்னுபோகும் என்றேன்.

அவர் நடையை நிறுத்திவிட்டார். நான் குடைக்கு வெளியே இரண்டு எட்டு முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

“பதினாலு பேரா இருக்கோம்?”

ஆமாம் என்றேன். நெசமாவா, இப்ப, இந்த நேரத்துல என்று கேட்டார். போன மாசம் வரைக்கும் நானே ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்துட்டு வந்திருக்கேன் என்றேன். அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது, பெயர்களைச் சொல்லிப் பார்க்கிறார் என்று தோன்றியது, அந்த வார்டில் வரிசையாக இருந்த கட்டில்களின் பெயர்கள். பதினொரு வருஷமாக ஒரு பெண் தான் ஒருத்தி மட்டும் எதையோ ஏமாற்றி வாங்கி வந்த மாதிரி அதைச் சேலைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். வெளியே சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று. செங்கோட்டை பக்கத்துக்காரி ஒருத்தி, எனக்கு அடுத்த கட்டில், ராத்திரி எனக்குத் தண்ணி பிடிச்சுத் தருவா, அவ இருக்காளா என்று கேட்டார். அதைச் சொல்லக் கூடாதும்மா, உங்களைப் பத்தி அவங்ககிட்டயும் சொல்ல மாட்டோம் என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தாமரை இலைகளைப் பார்த்தேன். எனக்கு அந்தச் செங்கோட்டைக்காரியைத் தெரியும். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் மாங்காய் கொடுத்தாள், சித்திரையில். விதி என் வாயை அடைத்தது, என் முகத்தை அடைக்கவில்லை போலிருக்கிறது, உலகம்மாள் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, சரி சரி, சொல்ல வேண்டாம், போதும் என்று சிரித்தார். முன்பல் இரண்டிலும் காவி. பிறகு, அப்ப எழுதிக்கிடுங்க, பதினாலுன்னே இருக்கட்டும், ஆனா கார்டு மட்டும் போட்டிராதீங்க என்றார். கார்டு வராது, ஆனா நீங்க ஒருதடவை வந்து காட்டணும், ஒன்பது வருஷம் ஆகுது என்றேன். வியாழக்கிழமை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்கான முகாம், எங்கள் டாக்டரம்மாவே வருகிறார், கர்ப்பப்பை வாயில் ஒரு மருந்தைத் தடவி ஒரு நிமிஷம் பார்ப்பார்கள், கோளாறு இருந்தால் அந்த இடம் வெளுக்கும், நோயாக மாறுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும், உங்களுக்கு வேண்டியதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், நிறையப் பேர் வருவார்கள், யாரும் உங்களைத் தனியாகக் கவனிக்க மாட்டார்கள் என்று எத்தனையோ வாசலில் ஒப்பித்ததை ஒப்பித்தேன்.

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். பஸ் நிற்கிற இடத்தில் கூரை இல்லை, ஒரு வாகை மரம். அதன் அடியில் வந்ததும் குடையை மடக்கி உதறினார்.

“நீங்க பாத்துக்கிட்டீங்களா?”

என்ன சொல்வது. எனக்கு நாற்பத்தொன்பது. முகாம் தேதியை ஊர் ஊராகச் சொல்கிறவள் நான், போன வருஷம் வந்த பெண்களின் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். ஒவ்வொரு முகாமிலும் மேஜை போடுகிற வேலை இருக்கும், பெயர் எழுதுகிற வேலை இருக்கும், கடைசியில் நர்ஸம்மா, கிருபாக்கா நீங்களும் வாங்களேன் என்பாள், நேரமாகிவிட்டது, அடுத்த தடவை என்பேன், அடுத்த தடவையும் நேரமாகிவிடும். நேரம் இல்லை என்பது இல்லை. அந்த அட்டை. அந்த அட்டையில் எழுதுகிற பக்கத்திலேயே பத்தொன்பது வருஷமாக இருந்துவிட்டேன், எழுதப்படுகிற பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்று நினைத்தாலே ஏதாவது ஒரு மேஜையைத் துடைக்கப் போய்விடுவேன். ஒரு நிமிஷம்தான் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தில் மருந்து பட்ட இடம் வெளுக்குமா வெளுக்காதா என்று மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது எப்படி இருக்கும், போயிட்டாங்களே என்பதற்கும் கடைக்கு என்பதற்கும் நடுவில் நான் இன்றைக்குத் தொங்கினேனே, அது போல இருக்குமா, அது அடுத்தவருக்காகத் தொங்கியது, இது எனக்கு. என் வீட்டுக்காரரிடம் கூட இதைச் சொன்னதில்லை. பயப்படுகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. இல்லை என்றேன். இல்லம்மா, பார்க்கலை. பயம்.

அவர் ஆச்சரியப்படவில்லை. புத்தி சொல்லவும் இல்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“வியாழக்கிழமை நான் வாறேன். நீங்க உள்ள போறப்ப நான் வாசல்ல உக்காந்திருக்கேன். தனியாப் போவாதீங்க. நான் அன்னைக்குத் தனியாத்தான் போனேன்.”

கோமதியிடம் என்ன சொல்லிவிட்டு வருவீர்கள் என்று கேட்டேன். இன்னைக்கு வந்தாங்கள்லா அந்த அம்மா, அவங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமா இருக்காம், துணைக்குப் போறேன்னு சொல்லுவேன், அதுல என்ன பொய் இருக்கு என்றார். நான் சிரித்துவிட்டேன். இவ்வளவு பெரிய பொய்யைப் பதினொரு வருஷம் கட்டிக் காத்தவர் முதல் தடவையாக உண்மையைச் சொல்லிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்காரர்களிடம் வரப் போகிறார், அதற்கு என் பயம் உதவுகிறது. அது எதற்காவது உதவும் என்று நான் நினைத்ததே இல்லை. பஸ் வந்தது. ஏறுவதற்கு அவர் என் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு, நான் ஏறியதும் ஜன்னல் வழியாக நீட்டினார், எட்டிக்கூட நீட்டவில்லை, கை சாதாரணமாக ஜன்னலுக்கு வந்தது. எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஒன்பதரை என்றேன்.

பஸ் கிளம்பி, குளம் பின்னால் போய், தென்னந்தோப்பு வந்து, மலை இருந்த இடத்தில் வெள்ளை கொஞ்சம் விலகி ஒரு நீலம் தெரிந்தது. இரண்டு பேர் இருக்கையில் நான் ஒருத்திதான். உறையைப் பிரித்து, பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றபோது, கோடு கோணாமல் உயிருடன் என்று எழுதித் தேதி போட்டேன். பிறகு நர்ஸம்மாவுக்கு ஃபோன் செய்து வியாழக்கிழமைப் பட்டியலில் இரண்டு பெயர் சேர்க்கச் சொன்னேன். ஒரு பெயரைச் சொன்னேன். இன்னொண்ணு என்றாள். என் பெயரைச் சொன்னேன். வயசு என்று கேட்டாள், நான் எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில். சொன்னேன். எழுதிக்கொண்டாள். வைத்த பிறகும் பயம் போகவில்லை, வயிற்றில் அப்படியே இருந்தது, வியாழன் வரைக்கும் இருக்கும், ஒன்பதரைக்கு அந்த உயரமான பெண் வாசலில் வந்து உட்காருகிற வரைக்கும் இருக்கும், உட்கார்ந்த பிறகும் இருக்கும். இருந்தால் இருக்கட்டும். வயிற்றில் இன்னொன்றும் இருந்தது, அது என்ன என்று யோசித்தபோதுதான் மத்தியானம் நான் சாப்பிடவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. பைக்குள் கைவிட்டு டிபன் பாக்ஸை எடுத்தேன். எலுமிச்சம் சாதம், ஓரத்தில் உருளைக்கிழங்கு, காலையில் வைத்தது. ஆறிப்போய் நல்ல புளிப்பு ஏறியிருந்தது. ஓடுகிற பஸ்ஸில், ஜன்னல் வழியாகச் சாரல் கையில் பட, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.